மோச்சே முகக் குடுவை: அச்சில் தொடங்கி ஆளில் முடிப்பது எப்படி

மோச்சே முகக் குடுவை என்பது பழைய பெருவில் ஒரு மனிதரின் தலை வடிவிலேயே செய்த மண் குடுவை. அதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய மண் உருண்டையையும் நாலைந்து செதுக்கு குச்சிகளையும் வைத்துக்கொண்டு நேராக மூக்கிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு தலைகளை அப்படித்தான் செய்தேன். இரண்டுமே கனத்துப் போயின. ஒன்று காயும்போதே பிளந்தது, மற்றது சூட்டில் வெடித்தது. மோச்சேக்காரர்கள் அப்படிச் செய்யவே இல்லை. இரண்டு பாதி அச்சுகளில் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டினார்கள், உள்ளே முழுக்க வெற்றிடம். அச்சு என்றதும் பலருக்கு ஆர்வம் குறைந்துவிடுகிறது, எல்லா முகமும் ஒரே மாதிரி வந்துவிடுமே என்று. அப்படி இல்லை. அச்சு தருவது மண்டையையும் எலும்பையும்தான். ஆளைத் தருவது அச்சிலிருந்து எடுத்த பிறகு கை செய்யும் அந்த அரை மணி நேர வேலை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த அரை மணி நேரத்துக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான்.

யார் இவர்கள் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெருவின் வடக்குக் கடற்கரை, பாலைவனத்தை ஆறுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்குகள். அங்கே ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள் மோச்சே மக்கள். இன்றைய துருஹியோ நகரத்துக்குப் பக்கத்தில் சூரியக் கோயில், நிலாக் கோயில் என்று இப்போது அழைக்கப்படும் இரண்டு பெரிய பச்சைச் செங்கல் மேடுகள் இன்னும் நிற்கின்றன. அவர்களிடம் எழுத்து கிடையாது. குயவர் சக்கரம் கிடையாது. பளபளப்பான கண்ணாடிப் பூச்சும் கிடையாது. இத்தனையும் இல்லாமல் செய்த தலைகளைத்தான் நாம் பின்பற்றப் போகிறோம், ஆகவே உங்களிடம் சக்கரம் இல்லையே என்று கவலைப்பட ஒன்றும் இல்லை. சிக்காமா பள்ளத்தாக்கில் செரோ மயால் என்ற இடத்தில் அவர்களுடைய மண்பாண்டப் பட்டறை ஒன்றை அகழ்ந்திருக்கிறார்கள், அங்கே அச்சுகள் உடைந்தும் முழுசாகவும் கிடைத்தன.

மண்ணைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். குறைந்தது இரண்டு மாலைகளைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். லிமாவில் உள்ள லார்க்கோ அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் படங்களோடு திறந்து வைத்திருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். அதை நிறுவிய ரஃபாயேல் லார்க்கோ ஓய்லேதான் 1948இல் மோச்சே குடுவைகளை ஐந்து காலக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர். எதை வைத்துப் பிரித்தார் தெரியுமா? முகத்தை வைத்து இல்லை, தலைக்கு மேலே உள்ள குழாயின் வடிவத்தை வைத்து. அந்தக் குழாயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முகக் குடுவைகள் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் கட்டங்களைச் சேர்ந்தவை, அதிலும் நான்காம் கட்டத்தில்தான் உச்சம். சிக்காமா, மோச்சே, விரூ என்ற மூன்று பள்ளத்தாக்குகளில்தான் அதிகம் செய்தார்கள்.

பார்க்கும்போது அழகைப் பார்க்காதீர்கள். சமனின்மையைப் பாருங்கள். ஒரு கண் இமை மற்றதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், வாயின் ஒரு ஓரம் இறுகியிருக்கும், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும். கிறிஸ்டோபர் டோனன் என்ற ஆய்வாளர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முகக் குடுவைகளை அடுக்கிவைத்து ஒப்பிட்டபோது ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தார். மேலுதட்டில் தழும்பு உள்ள ஒருவர், அவருக்கு ‘வெட்டு உதடு’ என்று பெயர் வைத்தார். அந்த மனிதர் ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவனாக ஒரு குடுவையில் இருக்கிறார், இளைஞனாகச் சிலவற்றில், முப்பதுகளைத் தொட்டவராகச் சிலவற்றில், மொத்தம் நாற்பதுக்கும் மேல். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் பெயர் தெரியாது, மொழி தெரியாது, ஆனால் அவன் வளர்ந்ததை நாம் பார்க்கலாம். எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் மட்பாண்டத்தில் வேறு எதுவும் இல்லை. முகக் குடுவையில் வந்த சிலர் வேறு குடுவைகளில் கழுத்தில் கயிறு கட்டிய கைதியாக, உடையும் காதணியும் பறிக்கப்பட்டவராக வருகிறார்கள் என்றும் டோனன் சொல்கிறார். அது மனதில் இருக்கட்டும், காதணி செய்யும்போது நினைவுக்கு வரும்.

சரி, யார் முகத்தைச் செய்வது? மோச்சே முகத்தையே நகல் எடுக்கலாம், பயிற்சிக்கு நல்லது. ஆனால் நான் சொல்வது, தெரிந்த ஒருவரைச் செய்யுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. முன்னால், இரண்டு பக்கமும், பின்னால், மேலேயிருந்து என்று ஐந்து படம் எடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் குடுவைகளில் இருப்பவை பெரும்பாலும் வாய் மூடிய அமைதியான முகங்கள். முகத்தில் ஒரு அடையாளம் உள்ளவராக இருந்தால் நல்லது, தழும்போ, உடைந்து சேர்ந்த மூக்கோ, அம்மைத் தடமோ. முதல் தடவைக்கு வழுவழுப்பான இளம் முகம் வேண்டாம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

மண்ணுக்கு வருவோம். நல்ல பிசுபிசுப்புள்ள சிவப்புக் களிமண்ணில் சலித்த நுண்மணலை நான்கில் ஒரு பங்கு சேர்த்துப் பிசையுங்கள். மின்சூளையில் சுடப்போகிறீர்கள் என்றால் மணலைக் கொஞ்சம் குறைக்கலாம், திறந்த வெளியில் விறகு மூட்டிச் சுடுவதாக இருந்தால் குறைக்கவே கூடாது, திடீர் சூட்டைத் தாங்குவது அந்த மணல்தான். பிசைந்ததை ஈரத்துணி சுற்றி ஒரு வாரம் விடுங்கள்.

முதலில் அச்சு எடுப்பதற்கான மூலத் தலை. இதுதான் நீங்கள் செதுக்கப் போகும் ஒரே தலை. கழுத்து வரை மட்டும் செய்யுங்கள், தோள் வேண்டாம். உயரம் 20 செ.மீ. போதும். அசல் குடுவைகள் பெரும்பாலும் 15 முதல் 30 செ.மீ. உயரத்துக்குள் வரும். மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், அதுவும் இங்கே இரண்டு தடவை சுருக்கம், அச்சு ஒருமுறை குடுவை ஒருமுறை, ஆகவே கடைசியில் 16 செ.மீ. சொச்சம்தான் கையில் நிற்கும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மூலத்தைச் செய்யுங்கள். இந்தத் தலையில் சின்ன விவரங்களைத் தேடிப் போகவேண்டாம். நெற்றியின் சரிவு, கன்ன எலும்பு, மூக்கின் தண்டு, தாடையின் அகலம், கண் குழியின் ஆழம், இவை சரியாக இருந்தால் போதும். முக்கியமான ஒன்று, உள்ளே வளைந்து போகும் பள்ளம் எங்கும் இருக்கக் கூடாது. மூக்குத் துளை, காதுக்குப் பின்னால் உள்ள இடுக்கு, உதட்டின் நடுக்கோடு எல்லாவற்றையும் மேலோட்டமாக விடுங்கள். இல்லாவிட்டால் அச்சு பிடித்துக்கொண்டு வராது, இழுத்தால் மூக்கு போய்விடும். தலைத் துணியும் இதிலேயே வந்துவிடட்டும். மோச்சே ஆண்கள் தலையில் துணி சுற்றி, மேலே பட்டை கட்டி, சில நேரம் பறவை உருவம் வைத்து முடிப்பார்கள். ஆண்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் குடுவைகளில் கிட்டத்தட்ட எல்லாமே வளர்ந்த ஆண்கள், சில சிறுவர்கள், வளர்ந்த பெண்ணின் முகம் இந்த வகையில் வருவதில்லை. நீங்கள் பெண்ணைச் செய்வதில் தப்பே இல்லை, அசலில் அப்படி இல்லை என்று தெரிந்து செய்தால் சரி.

மூலம் பாதி காய வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது, அந்தப் பதம். இப்போது மெல்லிய துணியில் கட்டிய சாம்பலைத் தட்டித் தட்டி மேலே தூவுங்கள், ஒட்டாமல் இருப்பதற்கு. முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிக்கும் கோடு தலையின் பக்கவாட்டில் காதை ஒட்டிக் கீழே இறங்கட்டும். அசல் குடுவைகளில் ஒட்டுத் தடம் தெரிந்தால் அநேகமாக அங்கேதான் தெரியும். 2 செ.மீ. தடிமன் உள்ள மண் பலகையை முன்முகத்தில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள், காற்று நடுவில் மாட்டினால் அந்த இடத்தில் முகம் மழுங்கிவிடும். ஓரத்தைச் சமமாக வெட்டி, மூன்று இடத்தில் விரல் நுனியால் குழி வையுங்கள், அடுத்த பாதி அதில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். ஓரத்திலும் சாம்பல் தூவிவிட்டுப் பின்பாதியை அழுத்துங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அச்சை மூலத்தின் மேலேயே காய விட்டுவிடாதீர்கள். அது சுருங்கும், உள்ளே இருக்கும் தலை அவ்வளவு சுருங்காது, விளைவு ஒரு நீள வெடிப்பு. சில மணி நேரத்தில் வடிவம் நிற்கும் அளவுக்கு இறுகியதும் மெதுவாகக் கழற்றி, இரண்டு பாதியையும் சேர்த்து லேசாகக் கட்டி நிழலில் காய வையுங்கள். பிறகு சுடுங்கள். சுட்ட மண் ஈரத்தைத் தானாக உறிஞ்சும், அதனால்தான் அதற்குள் அழுத்திய மண் சிறிது நேரத்தில் சுருங்கித் தானே விடுபடுகிறது. அவசரத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் அச்சு எடுக்கலாம், அச்சுச் சுருக்கமும் மிச்சம். நான் சுட்ட மண்ணையே விரும்புகிறேன், ஓரங்கள் கொஞ்சம் மென்மையாக விழுகின்றன, தோல் மாதிரி இருக்கிறது.

அழுத்துவது எளிது. 6, 7 மி.மீ. தடிமனுக்குத் தட்டிய மண்ணை அச்சுக்குள் வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். மூக்கு, உதடு, தாடை நுனியில் தனியாகச் சின்ன உருண்டையை முதலில் அழுத்திவிட்டு அதற்கு மேல் பலகையை வைத்தால் முனை மழுங்காமல் வரும். உள்பக்கத்தை மெழுக வேண்டாம். உடைந்த மோச்சே குடுவைகளின் உள்ளே குயவரின் விரல் தடம் அப்படியே இருக்கிறது, எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். இரண்டு பாதியின் ஓரத்தையும் கீறி, களிமண் கூழ் தடவி, அச்சோடு சேர்த்து மூடி, கழுத்தின் அடிப்பக்கத் திறப்பு வழியாகக் கையை விட்டு உள்ளிருந்து ஒட்டிய இடத்தை ஒரு மண் திரியால் அடைத்துத் தேய்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் பொறுத்து அச்சைக் கழற்றுங்கள்.

கையில் இப்போது ஒரு தலை இருக்கிறது. யாருடைய தலையும் இல்லை அது. இனிமேல்தான் வேலை.

முதலில் உள்ளே இரண்டு விரலை விட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு பக்கக் கன்னத்தை வெளியே லேசாகத் தள்ளுங்கள். வெளியே மண் ஒட்டி உப்ப வைப்பதைவிட உள்ளிருந்து தள்ளினால் சதை மாதிரி வரும். அடுத்து கண். மேல் இமையை ஒரு மூங்கில் குச்சியால் அடிக்கோடு போட்டு எழுப்புங்கள், கீழ் இமையை அவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டாம். இரண்டு கண்ணையும் ஒரே அளவில் செய்தால் பொம்மை ஆகிவிடும். வாயின் நடுக்கோட்டை ஒரே இழுப்பில் போடாமல் நடுவிலிருந்து இடது ஓரம், மறுபடி நடுவிலிருந்து வலது ஓரம் என்று இரண்டாகப் போடுங்கள், ஓரங்கள் வெவ்வேறு இடத்தில் முடியும், நிஜத்தில் அப்படித்தான். மூக்கிலிருந்து வாய் ஓரம் வரும் மடிப்பைக் கத்தியால் வெட்டாதீர்கள், விரல் நகத்தின் முதுகால் இழுங்கள். தழும்பு இருந்தால் கடைசியில், மண் இன்னும் கொஞ்சம் இறுகிய பிறகு. அப்போதுதான் விளிம்பு கூர்மையாக நிற்கும். ஒரே அச்சில் பிறந்த மோச்சே தலைகள்கூட ஒன்றுக்கொன்று வேறாகத் தெரிவது இந்த மாதிரி கடைசித் தொடல்களாலும், காதணி, வண்ணம் மாற்றியதாலும்தான்.

காது மடலில் ஒரு துளை போடுங்கள். காதணி வைப்பதென்றால் உருளை வடிவில் தனியாகச் செய்து ஒட்டலாம். துளையை வெறுமையாக விட்டாலும் அது ஒன்றைச் சொல்கிறது, முன்னால் சொன்ன கைதிகள் நினைவிருக்கிறதா, அணியைக் கழற்றிய காது அவர்களுடையது. எதைச் செய்கிறீர்கள் என்று தெரிந்து முடிவெடுங்கள்.

அடியை ஒரு வட்ட மண் பலகையால் மூடுங்கள், ஈரமாக இருக்கும்போதே அதில் உங்கள் பெயரையும் ஆண்டையும் ஆழமாகக் கீறிவிடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெருவில் கல்லறைகளைத் தோண்டித் திருடுபவர்களுக்கு ‘உவாக்கேரோ’ என்று பெயரே இருக்கிறது, அவர்கள் கையில் போன குடுவை எந்தக் கல்லறையில், யாருடைய பக்கத்தில், வேறு எந்தப் பொருளோடு இருந்தது என்பது என்றைக்குமாகத் தொலைந்தது. அந்தச் சந்தையில் நகல்களும் அசலென்று கைமாறுகின்றன. உங்கள் குடுவை பத்து கை மாறினாலும் அது எப்போது பிறந்தது என்று அதன் அடியே சொல்லட்டும். அதே போல், இணையத்தில் யாராவது ‘அசல் மோச்சே’ என்று விற்றால் வாங்காதீர்கள். தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைப் பெரு சட்டம் தடுக்கிறது. நகல் வேண்டுமென்றால் துருஹியோ பக்கத்தில் மோச்சே முறையில் செய்து, நகல் என்று சொல்லியே விற்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்தக் குழாய். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடி மாதிரி ஒரு வளைவு, அதன் உச்சியில் மேல் நோக்கி ஒரு நேர் தூம்பு. வளைவின் இரண்டு காலும் தலையில் இறங்கும். மோச்சேக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே இதே கடற்கரையில் குபிஸ்னிக்கே மக்கள் இந்த வடிவத்தைச் செய்திருக்கிறார்கள், எனவே இது பழைய சொத்து. பென்சில் தடிமன் குச்சியில் சாம்பல் தடவி அதன்மேல் மண் தகட்டைச் சுற்றி உருட்டிக் குழாய் செய்யுங்கள். குச்சியை உருவியதும், மண் இன்னும் நெகிழ்வாக இருக்கும்போதே, உள்ளே உலர்ந்த நுண்மணலை நிரப்பி வளைத்தால் நசுங்காது. வளைவு நின்றபின் மணலைக் கொட்டிவிடலாம். தலையில் இரண்டு துளை போட்டுவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், துளை போடாமல் ஒட்டிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. நான்காம் கட்டத்துத் தூம்பு உயரமாக, பக்கங்கள் நேராக இருக்கும், மேலே உதடு கிடையாது. மூன்றாம் கட்டத்தில் வாய் கொஞ்சம் விரியும். நீங்கள் பார்த்துச் செய்யும் முகம் எந்தக் கட்டமோ அந்தத் தூம்பையே வையுங்கள், கலந்தால் தெரிந்தவர்கள் கண்ணுக்கு உடனே உறுத்தும். குழாய் கைவரவில்லை என்றால் தலை உச்சியில் விரிந்த கழுத்து வைத்த ஜாடி வடிவிலும் முகக் குடுவைகள் உண்டு, முதல் தடவைக்கு அதுவே போதும்.

வண்ணத்துக்கு இரண்டே கரைசல். ஒன்று வெளிர் களிமண், பால் ஆடை நிறம். மற்றது இரும்புச் சத்துள்ள செம்மண் காவி. இரண்டையும் மெல்லிய துணியில் வடித்து, குடுவை முக்கால்வாசி காய்ந்ததும் பூசுங்கள். கண்ணின் வெள்ளைக்கும் தலைத் துணிக்கும் வெளிர் நிறம், முகத்துக்குச் செம்மை என்பது ஒரு நல்ல தொடக்கம். முகத்தில் பட்டையாக வண்ணம் தீட்டியவர்களும் உண்டு. பூச்சின் பளபளப்பு மறைந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லை எடுத்துத் தேயுங்கள். நெற்றி, கன்னம், துணி எல்லாம் மெருகேற வேண்டும். கண் ஓரத்தையும் வாயையும் தொடாதீர்கள், இவ்வளவு நேரம் செய்த கோடுகள் அடைந்துவிடும்.

பத்து நாளாவது நிழலில் காயட்டும். மின்சூளையில் 600 டிகிரி வரை மணிக்கு 60, 70 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், கடைசியில் 850 போதும். அதற்கு மேலே போகப் போக மெருகு மங்கும். விறகுச் சூடென்றால் முதலில் தணலுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சில மணி நேரம் வாட்டிவிட்டுப் பிறகுதான் நெருப்பை நெருங்க விடணும். ஒரு பக்கம் கரும்புகைத் தடம் விழுந்தால் வருத்தப்பட வேண்டாம், அசல்களிலும் அப்படி உண்டு. மீசை, புருவம் போன்ற கருமையை மோச்சேக்காரர்கள் சில குடுவைகளில் சுட்ட பிறகு தாவரச் சாறு போன்றவற்றால் வரைந்தார்கள், பலவற்றில் அது அழிந்துவிட்டது. நீங்கள் வரைந்தால் லேசாக வரையுங்கள். தண்ணீர் ஊற்றினால் சுவர் கசியும், இந்தச் சூட்டில் வெந்த மண்ணின் இயல்பு அது, ஆகவே குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

அச்சைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த வாரமே அதே அச்சில் இன்னொரு தலையை அழுத்தி எடுங்கள், அதே ஆள், இருபது வயது கூடியவராக. கன்னத்தை இந்தத் தடவை உள்ளிருந்து தள்ள வேண்டாம், வெளியிலிருந்து கொஞ்சம் அமுக்குங்கள். இமையின் வெளி ஓரத்தை ஒரு மி.மீ. இறக்குங்கள், நெற்றியில் ஒரே ஒரு கோடு. தழும்பு மட்டும் அதே இடத்தில், அதே நீளத்தில்.